அவனுக்கு வேறு வழி இருந்ததா? வீடியோ கேம் பாத்திரங்களின் மனதைப் படிப்பது எப்படி?

“அவன் ஏன் அப்படிப் பண்ணான்?” சினிமா முடிந்து வெளியே வரும்போதும், விடிய விடியக் கூத்து பார்த்துவிட்டு வீடு திரும்பும்போதும் நம் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான். கர்ணன் ஏன் கடைசி வரை துரியோதனன் பக்கமே நின்றான்? ‘தளபதி’ சூர்யா ஏன் தேவாவை விட்டு வரவில்லை? தலைமுறை தலைமுறையாகப் பேசியும் இந்தக் கேள்விகள் நமக்கு அலுக்கவில்லை.

இப்போது இதே கேள்வியை வேறொரு கூட்டமும் கேட்கிறது. வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகள். “ஜோயல் பண்ணது தப்பா அங்கிள்?” என்று ஒரு பையன் கேட்டால், ஜோயல் யார் என்றே நம்மில் பலருக்குத் தெரியாது. “எப்பப் பாரு கேமு, கேமு” என்று அலுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பையன் கேட்டதும் கர்ணனைப் பற்றி நாம் கேட்டதும் ஒரே கேள்விதான். அதற்குப் பதில் தேடும் வழியும் நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. வீடியோ கேமில் மட்டும் அந்தக் கேள்விக்கு ஒரு புது முடிச்சு விழுகிறது. அது என்ன என்று பார்க்கலாம்.

கல்வெட்டு பார்ப்பது செயலை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றாலே நினைவுக்கு வருவது குடவோலைக் கல்வெட்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்ற விதிகளை அவை விரிவாகச் சொல்கின்றன.

அந்த விதிகளை ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட அளவு வரி கட்டும் நிலம் இருக்கிறதா? சொந்த மனையில் வீடு இருக்கிறதா? வயது 35க்கும் 70க்கும் இடையிலா? முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரா? அப்படியானால் அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் தகுதி இழக்கிறார்கள். திருடியவருக்கும் இடமில்லை.

“ஏன் கணக்குக் காட்டவில்லை? வீட்டில் என்ன கஷ்டம்?” என்று கல்வெட்டு கேட்பதில்லை. செய்தாயா, செய்யவில்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கடைசியில் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பதுகூட விவரம் அறியாத ஒரு சிறுவன்தான். எடுக்கும் கைக்கு எந்த நோக்கமும் இருந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். நிர்வாகத்துக்கு அது சரி. மனிதர்களைப் புரிந்துகொள்ள அது போதாது. அந்த வேலையை இதே வட்டாரத்தில் வேறொன்று செய்துவருகிறது.

கூத்து கேட்பது காரணத்தை

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு வட்டாரக் கிராமங்களில் கோடைக்காலம் என்றால் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து. இதைத் தெருக்கூத்து என்போரும் உண்டு. தோளிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகலன்களை வைத்துக் கட்டைக்கூத்து என்போரும் உண்டு. கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இந்த மாவட்டத்தின் புஞ்சரசந்தாங்கலில்தான் இயங்குகிறது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை உண்டு.

கூத்து பார்க்க வருபவருக்குக் கதை முன்பே தெரியும். கர்ணன் சாவான், துரியோதனன் தொடை பிளந்து விழுவான், அதில் மாற்றமில்லை. பிறகு எதற்கு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம்? அவன் *ஏன்* அந்த வழியில் போனான் என்று பார்க்கத்தான்.

இதற்கென்றே மேடையில் ஒரு ஆள் இருக்கிறார்: கட்டியங்காரன். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போதே, “யாருங்க நீங்க? எந்த ஊரு? எதுக்கு வந்தீங்க?” என்று நம் பேச்சிலேயே மடக்குவார். ராஜா பெருமை பேசினால் கிண்டல் செய்வார், அழுதால் கூட அழுவார். பார்ப்பவர் மனதில் எழும் கேள்வியை மேடையிலேயே கேட்டுவிடும் பாத்திரம் அது.

‘கர்ண மோட்சம்’ கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவனை இளக்காரமாகப் பார்த்தவள் அவள். வெளியே சபையில் பட்ட அவமானம், வீட்டுக்குள்ளும் அதே அவமானம் என்று கூத்து எடுத்துக்காட்டும்போது, முடிசூட்டித் தோளில் கைபோட்ட துரியோதனனை அவன் ஏன் விடமாட்டான் என்பது புரிந்துவிடுகிறது.

அதற்காக, அவனுக்கு வேறு வழியே இல்லை என்றும் கதை சொல்லவில்லை. தான் குந்தியின் மூத்த மகன் என்று போருக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பாண்டவர் பக்கம் போக அழைப்பும் வருகிறது. தெரிந்தே மறுக்கிறான். சூது மண்டபத்தில் திரௌபதியை அவமதித்தவர்களோடு சேர்ந்து நின்றவனும் அவன்தான். நன்றி ஒருபக்கம், பழைய கோபம் ஒருபக்கம், தப்பான இடத்தில் நின்ற பாவம் ஒருபக்கம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூத்து பழக்குகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கூத்து கேட்கும் கேள்வி மூன்று. அவன் என்ன செய்தான்? அப்போது அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கு வேறு வழி இருந்ததா?

வீடியோ கேமில் என்ன புதுசு?

கூத்திலும் சினிமாவிலும் நாம் பார்வையாளர்கள். கர்ணன் வில்லை எடுத்தால் அது கர்ணன் கை. வீடியோ கேமில் வில்லை எடுக்கும் பொத்தானை அழுத்துவது நம் கட்டைவிரல். அதனால் ஒரு பாத்திரத்தின் செயலை அங்கே மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு, *கதை சொல்வது*. பாத்திரம் பேசும் வசனம், நடுநடுவே படம் போல ஓடும் காட்சிகள், அவனுடைய முன்கதை.

இரண்டாவது, *விதி அனுமதிப்பது*. அந்த இடத்தில் எதைச் செய்ய கேம் விடுகிறது, எதை விடவில்லை? எதிரியைச் சுடலாம், அவனிடம் பேச வழி உண்டா? கதவைத் திறக்கலாம், திரும்பிப் போக முடியுமா?

மூன்றாவது, *கை செய்வது*. அனுமதித்தவற்றுக்குள் விளையாடுபவர் எதைத் தேர்ந்தெடுத்தார்?

“அவனுக்கு வேறு வழி இருந்ததா?” என்று கர்ணனைப் பற்றி ஆயிரம் வருடம் வாதாடலாம். வீடியோ கேமில் அதற்கு நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் பதில் ஒன்று உண்டு: பொத்தான் இருந்ததா, இல்லையா? இதுதான் அந்தப் புது முடிச்சு.

லான்ஸ் வான்ஸ் ஏன் துரோகியானான்?

முதல் அடுக்குக்கு நம்மூர் உதாரணம் ஒன்று. 2002இல் வந்த ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே இதில் வளர்ந்தது. சீட் கோடு போட்டு டாங்கி ஓட்டியவர்களுக்கு அதில் ஒரு கதை இருப்பதே தெரியாது.

நாயகன் டாமி வெர்செட்டி 15 ஆண்டு சிறையிலிருந்து வந்தவன். போதைப் பொருள் பேரத்துக்கு அவனை முதலாளி அனுப்பிவைக்க, அங்கே தாக்குதல் நடந்து பணமும் சரக்கும் போகின்றன. அதே தாக்குதலில் அண்ணனைப் பறிகொடுத்தவன் லான்ஸ் வான்ஸ். பழிவாங்க இருவரும் கூட்டுச் சேர்கிறார்கள். கடைசியில் லான்ஸ் டாமியைக் காட்டிக்கொடுக்கிறான்.

“துரோகி, அவ்வளவுதான்” என்று முடித்துவிடலாம். முன்னால் வந்த காட்சிகளைத் திரும்பிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். இழப்பு இருவருக்கும் பொது. ஆனால் சாம்ராஜ்யம் வளர வளர எல்லாவற்றுக்கும் டாமி பெயர்தான். லான்ஸ் பங்காளியாக நடத்தச் சொல்லிக் கேட்கிறான். டாமி அவனைக் கையாளாகவே நடத்துகிறான். துரோகம் திடீரென்று முளைத்ததல்ல.

அதற்காக லான்ஸ் நல்லவனாகிவிடவில்லை. ஒரு பாத்திரத்தின் நோக்கத்தைக் கடைசிக் காட்சியில் தேடக் கூடாது, அதற்கு முன் சிந்திய சின்னச் சின்ன வார்த்தைகளில் தேட வேண்டும் என்பதற்கு அவன் ஒரு நல்ல உதாரணம். கூத்தில் பொன்னுருவி காட்சி செய்வதும் அதையேதான்.

ஜோயலுக்குப் பொத்தான் இருந்ததா?

இனி அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013 ஜூனில் வெளியானது. 2023இல் வெப் சீரிஸாகவும் வந்தது. உலகம் முழுக்க அதிகம் விவாதிக்கப்பட்ட கேம் முடிவுகளில் இதுவும் ஒன்று. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. விளையாட நினைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியையும், பின்னால் படுகளம் பற்றி வரும் பகுதியையும் தாண்டிப் போகலாம்.

ஒரு பூஞ்சைத் தொற்றில் உலகம் அழிகிறது. முதல் இரவிலேயே ஜோயல் தன் மகளைப் பறிகொடுக்கிறான். 20 ஆண்டுகள் கழித்து, தொற்று பாதிக்காத 14 வயதுப் பெண் எல்லியை நாடு கடந்து கொண்டுசேர்க்கும் வேலை அவனிடம் வருகிறது. வழியில் அவள் அவனுக்கு மகள் போலாகிறாள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது: மருந்து கண்டுபிடிக்க அவள் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், செய்தால் அவள் பிழைக்க மாட்டாள். மயக்கத்தில் இருக்கும் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஜோயல் காவலர்களைக் கொன்று, மருத்துவரைக் கொன்று, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். பிறகு அவளிடம் பொய் சொல்கிறான். சத்தியமா என்று அவள் கேட்க, சத்தியம் என்கிறான்.

அறுவை அறைக் காட்சியை மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள்.

கதை சொல்வது: ஒரு மகளை இழந்தவன் இன்னொரு மகளை இழக்க மாட்டான்.

விதி அனுமதிப்பது: கத்தியோடு எதிரே நிற்கும் மருத்துவரைக் கொல்லாமல் கேம் அடுத்த கட்டத்துக்கு நகராது. “வேணாம், நான் இவனைக் கொல்ல மாட்டேன்” என்று நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தால், எல்லியும் அங்கேயே கிடப்பாள், நீங்களும் அங்கேயே நிற்பீர்கள். எனவே அந்தக் கொலை ஜோயலுடையது. எழுதியவர்கள் அவனுக்குக் கொடுத்தது. உங்களை வெறுமனே சுமக்க வைத்தார்கள்.

கை செய்வது: அதே அறையில் இன்னும் இரண்டு மருத்துவப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சுடவும் கேம் அனுமதிக்கிறது. அங்கே யாராவது சுட்டால், “ஜோயல்தான் சுட்டான்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரே அறை, ஒரே துப்பாக்கி. ஒரு சாவு பாத்திரத்தின் கணக்கு, இன்னொன்று நம் கணக்கு. “ஜோயல் செய்தது சரியா?” என்று விவாதிப்பவர்கள் பல நேரம் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். பிரித்துவிட்டால் கேள்வி தெளிவாகிறது: ஜோயலின் குற்றம் கொலையோடு நிற்கவில்லை. எல்லியிடம் கேட்காமல் அவளுக்காக முடிவெடுத்தது, பிறகு அவளிடம் மறைத்தது. எதிர்த்தரப்பும் அதே தப்பைத்தான் செய்தது. அவர்களும் அவளிடம் கேட்கவில்லை.

பொத்தான் இருந்தால் பொறுப்பு யாருடையது?

சில கேம்கள் தேர்வை முழுக்க நம்மிடமே விடுகின்றன. 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ கேமில், முதல் பாகத்தின் முடிவில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யோசிக்க நேரம் கிடையாது. நீங்கள் ஒருவரைப் பிடித்து இழுக்கிறீர்கள், மற்றவர் போய்விடுகிறார். பாகம் முடிந்ததும், மற்ற விளையாடுபவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களைப் போலத் தேர்ந்தெடுத்தார்கள் என்று திரையில் வரும். “ஏன் அவளைக் காப்பாத்தின?” என்ற கேள்வி இப்போது பாத்திரத்துக்கு அல்ல, உங்களுக்கு.

2015இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய ‘அண்டர்டேல்’ இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனது. எதிரே வரும் எந்தப் பூதத்தையும் கொல்லாமலே முழு விளையாட்டையும் முடிக்கலாம். கொல்லவும் செய்யலாம். கொன்றுவிட்டு மனசு கேட்காமல் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பி, இந்த முறை உயிரோடு விட்டாலும், நீங்கள் முதலில் செய்ததை ஒரு பாத்திரம் நினைவில் வைத்துக் குத்திக்காட்டும். மற்ற கேம்களில் ‘அனுபவப் புள்ளி’ என்று நாம் சேர்த்துப் பழகிய எழுத்துகளுக்கு, இங்கே ‘கொலைப் புள்ளி’ என்று கடைசியில் விளக்கம் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. கதை ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். ‘அன்சார்ட்டட்’ கேமின் நாயகன் நேதன் டிரேக் சிரித்துப் பேசும் நல்ல பையன். ஆனால் விளையாடி முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டிருப்பான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் வராது. இப்படிக் கதையும் விளையாட்டும் ஒட்டாமல் நிற்பதை 2007இல் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், ‘பயோஷாக்’ கேமை விமர்சிக்கும்போது சுட்டிக்காட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பின்னாளில் ‘அன்சார்ட்டட்’ நான்காம் பாகத்தை உருவாக்கியவர்கள், ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் பரிசுக்கு அந்தப் பெயரையே வைத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள்.

அதனால் ஒரு பாத்திரத்தை எடைபோடும்போது, அந்தக் கொலைகளெல்லாம் அவன் குணமா, அல்லது விளையாட்டு ஓட வேண்டும் என்பதற்காக வைத்ததா என்றும் கேட்க வேண்டும். கூத்தில் ராஜா ஒரு வரியைப் பத்து முறை பாடினால், அவன் மறதிக்காரன் என்றா நினைக்கிறோம்? அது கூத்தின் முறை என்று நமக்குத் தெரியும். அதே போலத்தான் இதுவும்.

வெண்பா: நம் வீட்டுக் கதை

துப்பாக்கி இல்லாத ஒரு கேமுக்கும் இதே முறை பொருந்துமா? பொருந்தும். அதுவும் தமிழ்க் குடும்பக் கதைக்கே பொருந்தும்.

கனடாவின் டொராண்டோவிலிருந்து இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட கேம் ‘வெண்பா’. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவர் பாவலன், அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். இதுதான் குடும்பம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன விளையாட்டு. 2024இல் தனி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசையும், சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வென்றது.

இதில் நம் கை செய்யும் வேலை சமையல். அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பேட்டில் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கிறது. விட்டுப்போனதை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும்? புட்டுக் குழாயில் எது முதலில், எது பிறகு? தப்பினால் திரும்பச் செய்யலாம்.

நடுநடுவே வசனத்தையும் தேர்ந்தெடுக்கலாம். அம்மாவாக மகனிடம் கொஞ்சம் கடிந்து பேசலாம், விட்டுக்கொடுத்தும் பேசலாம். ஆனால் எதைச் சொன்னாலும் கதையின் போக்கு பெரிதாக மாறாது. தமிழ்ப் பேச்சிலிருந்தும் தமிழ்ச் சாப்பாட்டிலிருந்தும் கவின் விலகித்தான் போகிறான். பொத்தான் இருக்கிறது, அதற்குப் பலன் இல்லை. இது வடிவமைப்பின் குறை என்று தோன்றலாம். தூரமாகும் பிள்ளையிடம் எந்த வார்த்தையைச் சொன்னால் நிற்பான் என்று தேடிய பெற்றோருக்கு, அது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

கவின் ஏன் விலகினான்? நன்றி கெட்டவன் என்பது எளிய பதில். கேம் அந்தப் பதிலோடு நம்மை விடவில்லை. பிற்பகுதியில் விளையாடும் கையை மாற்றிவிடுகிறது. இப்போது நாம் கவின். அம்மாவின் குறிப்பை வைத்துச் சமைக்கப் பார்க்கும், தமிழ் தடுமாறும் மகன். முதல் பாதியில் அம்மாவின் கையாக இருந்தபோது சுலபமாக இருந்த அடுப்படி, இப்போது அந்நியமாக இருக்கிறது. அவனுக்கு வேறு வழி இருந்ததா? தமிழ்ச் சத்தமே இல்லாத பள்ளியில், எல்லோரையும் போல இருக்க விரும்பும் சின்னப் பையனுக்கு வழிகள் குறைவு. வளர்ந்த பிறகு வழி இருந்தது. கொஞ்சம் தாமதமாக அதை எடுத்தான்.

இதைப் புரிந்துகொள்ள டொராண்டோ போக வேண்டியதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறி, பிறகு சென்னை, பிறகு வெளிநாடு என்று பிள்ளைகள் போன வீடுகள் உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களிலும் உண்டு. “போன் எடுக்க மாட்டேங்கிறான்” என்ற வருத்தத்துக்கும், “எடுத்தா என்ன பேசறதுன்னே தெரியல” என்ற தயக்கத்துக்கும் நடுவில் இருப்பது இதே தூரம்தான்.

புரிந்துகொண்டால் மன்னித்ததாக ஆகுமா?

இங்கே ஒரு நியாயமான பயம் வரும். “கொலைகாரனுக்கும் ஒரு காரணம் இருக்குன்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தா, எல்லாத்தையும் நியாயப்படுத்த ஆரம்பிச்சுடுவானே?”

இதற்குப் பதில் பாரதத் திருவிழாவின் கடைசி நாளில் இருக்கிறது. படுகளம். கோயில் திடலில் மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். பீம வேஷமும் துரியோதன வேஷமும் அதைச் சுற்றி ஓடிச் சண்டையிட, தொடை பிளக்கப்படும். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தலை முடிவாள். தண்டனையில் சமரசமே கிடையாது.

ஆனால் அது முடிந்ததும் பல ஊர்களில் காந்தாரி வந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சில ஊர்களில் அந்த உருவத்தின் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் நெல் வைக்கும் இடத்தில் போடும் வழக்கமும் உண்டு. துரியோதனனுக்காக அழுதவர்கள் யாரும், அவன் சபையில் செய்தது சரி என்று சொல்வதில்லை. தீர்ப்பும் அழுகையும் ஒரே திடலில், ஒரே காலையில் நடக்கின்றன.

2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டதும் கிட்டத்தட்ட இதே பாரத்தைத்தான். ஜோயலைக் கொல்ல வரும் அப்பி, அவன் கொன்ற மருத்துவரின் மகள். பாதிக் கதைக்கு மேல் அவளையே நம் கையில் கொடுத்துவிடுகிறது கேம். கோபத்தில் பலர் திட்டினார்கள். எல்லியாக நின்று வெறுத்தவளையே, அவள் கண் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பி செய்தது சரி என்று கேம் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு அப்பா இருந்தார் என்று மட்டும் சொல்கிறது.

காரணம் தெரிவதால் குற்றம் குறைவதில்லை. அந்தக் குற்றம் எங்கே தொடங்கியது, எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்பது தெரிகிறது. அடுத்தவர் அதே இடத்தில் நிற்கும்போது இது உதவும்.

எல்லா கேமிலும் இதைத் தேடலாமா?

முடியாது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற போட்டி விளையாட்டுகளில் பாத்திரத்துக்கு முன்கதை எழுதப்பட்டிருந்தாலும், மைதானத்தில் குதித்த பிறகு அதற்கு வேலை இல்லை. அங்கே நோக்கம் ஒன்றுதான்: கடைசி வரை நிற்பது. அதில் படிக்க வேண்டியது பாத்திரத்தின் மனதை அல்ல, கூட விளையாடும் நண்பனின் மனதை. தோற்றால் யாரைத் திட்டுகிறான்? அடிபட்டவனைத் தூக்கிவிட நிற்கிறானா, ஓடுகிறானா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே பேசிய ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’, ‘வைஸ் சிட்டி’ இரண்டும் வயது வந்தோருக்கானவை. சின்னப் பிள்ளைகள் கையில் இருந்தால், விளக்கம் சொல்வதற்கு முன் வாங்கி வைப்பதுதான் சரி.

வீட்டில் என்ன கேட்கலாம்?

வளர்ந்த பிள்ளை கதை உள்ள ஒரு கேம் விளையாடுகிறான் என்றால், “எத்தனை மணி நேரமா ஆடற?” என்பதோடு நிறுத்தாமல், கட்டியங்காரன் போல நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: “இவன் யாரு, இவனுக்கு என்ன வேணும்?” வசனத்தில் சொல்வதும் உண்மையில் விரும்புவதும் ஒன்றுதானா என்று பிள்ளை யோசிக்கட்டும்.

இரண்டு: “அந்த நேரத்துல அவனுக்கு என்ன தெரியும்?” கதை முழுக்கத் தெரிந்த நமக்கும், நடுவில் நிற்கும் அவனுக்கும் வித்தியாசம் உண்டு.

மூன்று: “வேற வழி இருந்துச்சா? கேம் விட்டுச்சா?” இல்லையென்றால் அது எழுதியவர் முடிவு. இருந்தது என்றால் அடுத்த கேள்வி.

நான்கு: “அப்ப நீ ஏன் அதைத் தேர்ந்தெடுத்த?”

நான்காவது கேள்விக்குப் பதில் உடனே வராது. “சும்மாதான்” என்பான். “என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்னு” என்பான். அதுவும் உண்மையான பதில்தான், திட்ட வேண்டியதில்லை. விட்டுவிட்டால் இரண்டு நாள் கழித்து அவனே வந்து, “அந்த நர்ஸை நான் சுட்டிருக்க வேணாம்ல?” என்று கேட்கக்கூடும்.

அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு வகுப்பில் சண்டை போட்ட நண்பனைப் பற்றியும், பாதியில் படிப்பை விட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியும், குடித்துவிட்டு வரும் சித்தப்பாவைப் பற்றியும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுத மாட்டான். அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பான். இல்லை என்று தெரிந்தால், அந்த வழியைத் திறந்துவிட யார் வரவேண்டியிருந்தது என்றும் கேட்பான்.